தலை எண்ணுகிறவர்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையோடு சரி. கம்பெனியில் டிரைவர் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் 'வலப்பக்கத்தார்'தான். இருபத்திரண்டு வருடமாக ஒரு நாளைக்கு நூறு தடவையாவது மைக்கில் "வலப்பக்கம் பாருங்கள்" என்று சொல்கிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? கடல் வலப்பக்கம். கோட்டை வலப்பக்கம். துறைமுகம் வலப்பக்கம். இடப்பக்கமும் ஊர் இருக்கிறதே என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால், "அங்க பார்க்கறதுக்கு ஒண்ணும் இல்ல சார். ஜனங்க குடியிருக்காங்க" என்பார்.

கடலோர நகரத்தைச் சுற்றிக் காட்டும் பேருந்துக் கம்பெனி அது. காலை எட்டரை மணிக்கு ரயில் நிலைய வாசலில் ஏற்றிக்கொண்டால் சாயங்காலம் ஐந்தரைக்கு அதே வாசலில் இறக்கிவிடும். நடுவில் ஆறு இடங்கள், ஒரு சாப்பாடு. ஒரு ஊரை ஒரே பகலில் பார்த்து முடித்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் ஏறுகிறார்கள். முடித்துக் கொடுத்துவிடலாம் என்று நம்புகிறவர் மைக்கைப் பிடிக்கிறார். ஜாடிக்கேற்ற மூடி.

ஏறுகிறவர்களைப் பற்றி வலப்பக்கத்தாருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. கடலைப் பார்க்க வந்துவிட்டுக் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள். முந்நூறு வருடத்துச் சுவரின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்கிறவர்கள். டிரைவரிடம் பேசும்போது அவர்களை 'மந்தை' என்றுதான் சொல்வார். அந்த மந்தைக்கு இவர் என்ன தீனி போட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய துறைமுகச் சதுக்கத்தில் ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. அதன் கடிகாரம் நாலு பத்தில் நின்றுபோய்ப் பல வருடம் ஆகிறது. நடுக்கடலில் கப்பல் கவிழ்ந்து மாலுமி ஒருவன் செத்த நேரம் அது என்றும், கரையில் காத்திருந்த காதலியின் அழுகையைக் கேட்டுக் கடிகாரமே நின்றுவிட்டது என்றும் இவர் கயிறு திரிப்பார். பல்சக்கரம் தேய்ந்துபோன கடிகாரம் அது. நகராட்சியில் அதைப் பழுது பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான். ஆனால் கதை முடியும்போது இரண்டு பேராவது மூக்கை உறிஞ்சுவார்கள். அன்றைக்கு இவருக்கு ஒரு டீ கூடுதலாக இறங்கும்.

கலங்கரை விளக்கத்துக்கு இருநூற்றுப் பத்தொன்பது படிகள் என்பதும் அதே மூட்டையில் உள்ளதுதான். இவருக்கு முன்னால் இருந்த கைடு சொன்னார், இவர் பிடித்துக்கொண்டார். அந்த ஆள் யாரிடம் பிடித்தாரோ! மந்தையை மேலே அனுப்பிவிட்டு இவர் எதிர்த்தாற்போல் இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்துவிடுவார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அந்தப் படிகளில் கால் வைத்ததில்லை. அரைத்த மாவையே அரைக்கிறவருக்கு அரிசி எங்கே விளைகிறது என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது?

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் தன்னை யாரும் குறை சொல்ல முடியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு பயணியைக்கூட அவர் எங்கேயும் விட்டுவிட்டு வந்தது கிடையாது. மற்றவர்கள் விட்டிருக்கிறார்கள். ஒருவர், காது கேட்காத பெரியவரைக் கோட்டைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார். இன்னொருவர், புதிதாகக் கல்யாணமான ஜோடியில் மாப்பிள்ளையை மட்டும் ஏற்றிக்கொண்டு வந்து, பெண்ணின் அப்பாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். நம்மவரிடம் அந்தப் பேச்சே இல்லை. பட்டியலைக் குழல் மாதிரிச் சுருட்டி, முன் வாசலிலிருந்து கடைசி வரிசை வரை இருக்கைகளின் முதுகில் தட்டிக்கொண்டே இரண்டிரண்டாக எண்ணுவார். முகத்தைப் பார்க்கமாட்டார். "முகத்தப் பார்த்தா ஏதாவது கேப்பான். பதில் சொன்னா கணக்கு தப்பிடும். தலைய மட்டும் பார்க்கணும்" என்பது அவருடைய தொழில் தத்துவம். வழுக்கை, நரை, சுருட்டை, தொப்பி என்று தலை தலையாக எண்ணி, பட்டியலோடு ஒத்துப்போனால் மஞ்சள் கொடியை ஆட்டி "ரைட்!" என்பார். வண்டி திரும்பியதும் அறிக்கைத் தாளில் 'விடுபட்டோர்' என்று ஒரு கட்டம் வரும். அதில் 'இல்லை' என்று எழுதும்போது மட்டும் அவர் கையெழுத்து முத்து முத்தாக வரும்.

இப்படி ஊர் உலகத்துத் தலைகளையெல்லாம் பத்திரமாக எண்ணிக்கொண்டிருந்தவரின் வீட்டில் ஒரு தலை இருந்தது. அது கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இருபத்தாறு வருடம். மூன்றாவது மாடியில் இரண்டு அறை. சமையலறை ஜன்னலுக்குக் கீழே தையல் மெஷின். பக்கத்திலேயே மலை மாதிரி பள்ளிச் சீருடைகள். நீளத்தை மடித்துத் தைப்பது, பிள்ளை வளர்ந்ததும் மடிப்பைப் பிரித்து இறக்கிவிடுவது, பட்டன் வைப்பது, இதுதான் அவள் வேலை. மெஷினை மிதித்து மிதித்து முட்டி இரண்டும் போய்விட்டது. அவளுக்குத் தெரிந்த ஊர் என்றால் நூல் கடை, காய்கறிச் சந்தை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. கணவன் தினமும் முப்பது பேருக்குக் காட்டுகிற ஆறு இடங்களில் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. கேட்டால் அவர் விடுமுறை நாளில் காலை நீட்டிக்கொண்டு, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு, "தினம் பார்க்கற ஊரு, என்னத்தப் போயி பார்க்க?" என்பார். தினமும் பார்ப்பவர் அவர். அந்த வித்தியாசம் துண்டுக்குள்ளே இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

இந்த நிலையில்தான் மகள் கூப்பிட்டாள். ரயிலில் ஒன்பது மணி நேரம் உள்ளே தள்ளி, கடல் வாடையே இல்லாத ஊரில் அவள் குடும்பம் நடத்துகிறாள். மாடியில் புதிதாக ஒரு அறை கட்டியிருக்கிறார்கள். "அப்பாவுக்கு இந்த வருஷத்தோட வேலை முடியுது. ரெண்டு பேரும் இங்கயே வந்துடுங்கம்மா. ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க. வரலேன்னா அந்த ரூமை வாடகைக்கு விடப்போறோம்" என்றாள்.

மனைவிக்குப் போகலாம் என்றுதான் இருந்தது. பேரன் தவழ ஆரம்பித்திருந்தான். வலப்பக்கத்தாருக்குப் பயம். மகள் வீட்டுக்கு ஒரு தடவை போனபோது மணிக்கூண்டுக் கதையை மாப்பிள்ளையிடம் எடுத்துவிட்டுப் பார்த்தார். கதை பாதியில் இருக்கும்போதே மாப்பிள்ளை செல்போனை எடுத்துவிட்டார். தான் சொல்வதைக் கேட்க யாரும் இல்லாத ஊரில் மீதி ஆயுளை எப்படித் தள்ளுவது? அந்தப் பயத்தை உள்ளபடி சொல்லியிருந்தால் மனைவி கேட்டிருப்பாள். அவர் ஜம்பமாக வேறு சொன்னார்.

"இந்த ஊர்ல என்னென்ன இருக்குன்னு உனக்கு என்ன தெரியும்? உலகமே வந்து பார்த்துட்டுப் போகுது. இத விட்டுட்டு அந்தப் பொட்டக் காட்டுக்குப் போகணுமா?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "எனக்கு எங்கங்க தெரியும்? காட்டினாத்தானே தெரியும். ஒரு நாள் உங்க வண்டியில கூட்டிட்டுப் போங்க. பார்த்துட்டுச் சொல்றேன். இங்கயே இருக்கலாம்னு தோணினா இருக்கலாம். தோணலேன்னா மறுபேச்சு பேசாம சாமானக் கட்டணும். சரியா?"

"சரி" என்றார் வலப்பக்கத்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரே ஒரு ஆளின் மனதை அவர் ஜெயித்தாக வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை வண்டியில் முப்பத்துநாலு பேர். முப்பத்துநாலு இருக்கையும் நிரம்பிவிட்டது. மனைவியை டிரைவருக்குப் பக்கத்தில் உள்ள மடக்கு இருக்கையில் உட்கார வைத்தார். வீட்டு ஆட்களைச் சும்மா ஏற்றக்கூடாது என்பது கம்பெனி விதி. "யாராவது கேட்டா ஆபீஸ் ஆளுன்னு சொல்லிடு" என்று காதோடு சொன்னார். பெட்டியில் மடித்து வைத்திருந்த நல்ல துணியை உடுத்திக்கொண்டு, தலையை ஒழுங்காக வாரி, கைப்பையில் தண்ணீர் பாட்டிலோடு வந்திருந்தவள், ஆபீஸ் ஆளாக அமர்ந்தாள்.

"வாங்க அண்ணி!" என்றார் டிரைவர். பதினோரு வருடமாக அதே வண்டியை ஓட்டுகிறவர். "அண்ணன் புண்ணியத்துல இன்னைக்காவது ஊரப் பார்க்கப் போறீங்க."

"பார்ப்போம்" என்றாள் அவள்.

அன்றைக்கு வலப்பக்கத்தார் தன் சரக்கையெல்லாம் இறக்கினார். மணிக்கூண்டில் மாலுமிக்கு வழக்கத்தைவிட நீளமான சாவு கிடைத்தது. காதலி மயக்கம் போட்டு விழுந்தாள். சாதாரண நாட்களில் விழமாட்டாள். கதை சொல்லிக்கொண்டே ஓரக்கண்ணால் மனைவியின் முகத்தைப் பார்த்தார். தையல் பிரிந்த துணியைக் கையில் வாங்கிப் பார்ப்பது போல அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, யாராவது ரிப்பேர் பண்ணக் கூடாதா இத?" என்று கேட்டாள். முன் வரிசையில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அடுத்தது பழைய கவர்னர் மாளிகை. வண்டி திரும்பும்போது அவள் சட்டென்று எழுந்து எதிர்ப்பக்க ஜன்னலைக் காட்டினாள். "ஏங்க, அந்தப் பக்கம் பாருங்க! அந்தப் பழைய ஆஸ்பத்திரி. நம்ம பொண்ணு பொறந்தது அங்கதானே? மழையில கூரை ஒழுகி, கட்டிலுக்கு அடியில வாளி வெச்சாங்களே!"

மைக்கில் நம்மவரின் குரல் கணீரென்று கேட்டது. "இடப்பக்கம் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. எல்லோரும் வலப்பக்கம் பாருங்கள்."

முப்பத்துநாலு தலைகளும் வலப்பக்கம் திரும்பின. அவள் மட்டும் ஆஸ்பத்திரி மறையும்வரை இடப்பக்கம் பார்த்துவிட்டு, மடக்கு இருக்கையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். 

கடலோர அலைதடுப்புச் சுவரில் பதினைந்து நிமிடம். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லின்மேல் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டாள். முட்டிக்கு இதமாக இருந்தது. "ஒரு நிமிஷம் இப்படி வந்து உட்காருங்களேன்" என்றாள். அவர் அப்போது ஒரு குடும்பத்துக்குப் படம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கொடுத்து முடித்ததும் விசில் ஊதினார். "நேரமாச்சு, நேரமாச்சு! ஏறுங்க, ஏறுங்க!" என்று எல்லோரையும் விரட்டிய அதே குரலில் அவளையும் விரட்டினார். ஈரக் காலோடு செருப்பை மாட்டிக்கொண்டு அவள் கடைசியாக ஏறினாள். மதியச் சாப்பாட்டின்போது ஊழியர்களுக்கென்று தனி மேஜை. அவர் டிரைவரோடு அங்கே போய்விட்டார். ஆபீஸ் ஆளுக்கு எந்த மேஜை என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வட்டக் கண்ணாடி போட்ட ஒரு டீச்சரம்மா நகர்ந்து இடம் கொடுத்து, அவளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

கலங்கரை விளக்கத்தில் இறங்கியதும் வலப்பக்கத்தார் கொடியைத் தூக்கிப் பிடித்தார். "இருநூற்றுப் பத்தொன்பது படிகள்! மேலே போனால் முழு நகரமும் உங்கள் காலடியில்! இருபத்தைந்து நிமிடம்தான். தவறினால் அடுத்த கப்பலில்தான் வரவேண்டும்." சிரித்தார்கள். சிரிப்பதற்கும் சேர்த்துத்தானே டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள்.

மனைவி நின்றாள். "நீங்க வரலையா?"

"நான் பார்க்காததா?" என்று சொல்லிவிட்டு அவர் டீக்கடைப் பக்கம் நடந்தார்.

இருபத்தைந்து நிமிடத்தில் விசில் ஊதினார். பாதிப் பேர் பாதிப் படியோடு மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தார்கள். மீதிப் பேர் ஓடி ஏறி ஓடி இறங்கிவிட்டார்கள். வலப்பக்கத்தார் பட்டியலைச் சுருட்டினார். முன் வாசலிலிருந்து தட்டிக்கொண்டே போனார். ரெண்டு, நாலு, ஆறு, எட்டு. வழுக்கை, நரை, தொப்பி. முப்பது, முப்பத்திரண்டு, முப்பத்துநாலு. ஒரு தலை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. டிரைவர் கீழே இறங்கி டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு அப்போதுதான் ஏறினார். நம்மவர் வாசலில் தொங்கிக்கொண்டு மஞ்சள் கொடியை ஆட்டினார். "ரைட்!"

முதலாளிக்குப் பயந்து ஓட்டுகிற டிரைவருக்கு, கைடு 'ரைட்' என்றால் ரைட்தான். அண்ணி பின்னால் போய் டீச்சரம்மாவோடு பேசிக்கொண்டிருக்கிறாராக்கும் என்று அவரும் நினைத்துவிட்டார்.

மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருபது நிமிடப் பயணம். ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி நின்றால் மந்தைக்கு அலுப்புத் தட்டும். அதற்கென்றே ஒரு ஜோக் வைத்திருந்தார். மைக்கை எடுத்தார். "இப்போது எல்லோரும் பக்கத்து சீட்டில் இருப்பது உங்கள் மனைவிதானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மாறிப்போயிருந்தால் கம்பெனி பொறுப்பல்ல! சந்தோஷப்பட்டால் அதற்கும் கம்பெனி பொறுப்பல்ல!"

வண்டி குலுங்கச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் நாலாவது வரிசையிலிருந்து டீச்சரம்மா எழுந்தார். கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, "அதெல்லாம் சரிங்க. உங்க வீட்டம்மா எங்க?" என்று கேட்டார்.

மடக்கு இருக்கை மடங்கியிருந்தது. அதன் கீழே கைப்பை.

"அண்ணி பின்னாடி இல்லையா?" என்றார் டிரைவர். 

முப்பத்துநாலு பேரும் வலப்பக்கத்தாரைப் பார்த்தார்கள். அன்றைக்கு முதல்முறையாக அவரும் அவர்கள் முகங்களைப் பார்த்தார். ஒன்றிலும் சிரிப்பு இல்லை. "பெண்டாட்டியையா விட்டுட்டு வந்தாரு?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள்; யாரோ 'உஸ்' என்றார்கள். அந்த நேரத்தில் அவர் மனதில் என்ன ஓடியது என்பதைச் சொல்லாமல் விட்டால் பாவம். 'கடைசி இடமான மியூசியத்தை நாலரைக்கு மூடிவிடுவார்களே' என்பது முதலில் ஓடியது. 'அவள் பெயர்தான் பட்டியலில் இல்லையே, அறிக்கையில் விடுபட்டோர் இல்லை என்றுதானே வரும்' என்பது இரண்டாவதாக ஓடியது. மனைவி ஓடியது மூன்றாவதாக. இருபத்தாறு வருடம் சோறு போட்டவள், மியூசியத்துக்கும் அறிக்கைத் தாளுக்கும் பின்னால் வரிசையில் நின்றாள்.

செல்போனில் கூப்பிட்டார். மடக்கு இருக்கைக்குக் கீழே கைப்பைக்குள் மணி அடித்தது.

"போங்கண்ணே," என்றார் டிரைவர். "இறங்கி ஒரு டாக்ஸியப் பிடிச்சுப் போங்க. இவங்கள நான் பார்த்துக்கறேன்."

"நீ எப்படிப் பார்த்துப்ப? யார் பேசறது?"

"பதினோரு வருஷமா காதுல கேட்டுட்டு வர்றேன். மனப்பாடம். மைக்கக் குடுத்துட்டுப் போங்க."

மைக்கைக் கொடுக்கும்போது அவர் கை கொஞ்சம் தயங்கியது. அந்த நேரத்திலும் தயங்கியது. பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

டாக்ஸியில் உட்கார்ந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. கையில் செல்போன் இல்லாதவள், வழி தெரியாதவள், முட்டி வலிக்காரி எங்கே போயிருப்பாள்? அழுதுகொண்டு நிற்பாளா? கோபத்தில் நேராக ரயில் நிலையத்துக்குப் போய் மகள் ஊருக்கு ரயில் ஏறிவிட்டால்? சாமானைக் கட்டவேண்டியதுதான். எந்த வாயை வைத்துக்கொண்டு இருக்கலாம் என்று சொல்வது? ஊரைக் காட்டுகிறேன் என்று அழைத்து வந்து ஊர் நடுவே தொலைத்தவன் பேச்சை எவள் கேட்பாள்? பாதி வழியில் டிரைவர் கூப்பிட்டார். "அண்ணே, அண்ணி கிடைச்சாங்களா? இங்க கவலைப்படாதீங்க. உங்க கதையில கொஞ்சம் குறைச்சுட்டுச் சொன்னேன். கை தட்டறாங்க." அவர் போனை வைத்தார்.

கலங்கரை விளக்கத்தின் வாசலில் சீட்டுக் கிழிக்கிறவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருடப் பழக்கம்; தலையாட்டலோடு சரி.

"ஒரு அம்மா... கொஞ்சம் தாங்கித் தாங்கி நடப்பாங்க..."

"மேலதான் இருக்காங்க. இறங்கவே இல்ல." அவர் வலப்பக்கத்தாரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களா மேல போறீங்க? வழி தெரியுமா சார்?"

அந்தக் கேள்வி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. கோபுரத்துக்குள் ஒரே ஒரு படிக்கட்டு, அதற்கு வழி கேட்கவும் வேண்டாம். ஆனாலும் அவர் தலையைக் குனிந்துகொண்டுதான் போனார். பழக்கதோஷத்தில் வாய் எண்ண ஆரம்பித்தது. ஐம்பதில் மூச்சு வாங்கியது. நூறில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நூற்றைம்பதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்தப் படிகளிலா அவளை அந்த முட்டியோடு ஏறச் சொன்னோம் என்று அப்போதுதான் உறைத்தது. இன்னும் அறுபத்தொன்பது இருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் தூக்கினார். நூற்று எண்பத்துநாலில் படி முடிந்துவிட்டது. முகத்தில் காற்று அடித்தது.

அவள் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து, ஒரு காலை மடக்கி இளைப்பாற்றிக்கொண்டு நின்றாள்.

மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தால் அவரைத் தெரியாது என்று அர்த்தம். "ஏம்மா, இருபத்தஞ்சு நிமிஷம்னு சொன்னேன்ல?" என்றார் மூச்சிரைக்க.

அவள் திரும்பினாள். "மேல வந்து சேரவே அவ்வளவு நேரம் ஆச்சுங்க. வந்து நின்னேன். கீழ நீங்க கொடிய ஆட்டிட்டு இருந்தீங்க. நானும் கைய ஆட்டினேன். நல்லாத்தான் ஆட்டினேன். நீங்க மேல பார்க்கல."

"எண்ணினேன். முப்பத்துநாலு சரியா இருந்துச்சு."

"என்னையும் சேர்த்தா?"

அவர் கைப்பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். 

"அழுதேன்," என்றாள் அவள். "அழுகை வராம இருக்குமா? வண்டி அந்தத் திருப்பத்துல மறையற வரைக்கும் அழுதேன். இவருக்கு நான் ஒரு தலையாக்கூடத் தேறலையேன்னு. அப்புறம் கண்ணத் தொடச்சுட்டுப் பார்த்தா, கீழ ஊரு இருந்துச்சு."

அவர் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கடல் இருந்த பக்கம்தான் முதலில் பார்த்தார்.

"அந்தப் பக்கம் இல்லைங்க. இப்படிப் பாருங்க." அவர் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "அதோ, அந்தத் தகரக் கூரை, ஆஸ்பத்திரி. ஒழுகின இடத்துல புதுத் தகரம் போட்டிருக்காங்க, பளபளன்னு இருக்கு. அதுக்கு இந்தப் பக்கம் மைதானத்துல நீலமா ஓடுதே, ஸ்கூல் பிள்ளைங்க. அதுல முக்கால்வாசி துணி நான் மடிச்சுத் தைச்சது. அங்கேருந்து நேரா வாங்க. பச்சைப் போர்வை காயுதா? அது நம்ம மாடி. காத்தால நான் போட்டது. எடுக்க ஆளில்லாம ஆடிட்டு இருக்கு."

அவர் பார்த்தார். இருபத்திரண்டு வருடமாக 'பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை' என்று மைக்கில் சொல்லி மறைத்த பக்கம் முழுக்க விரிந்து கிடந்தது. தன் வீட்டை அவர் தூரத்திலிருந்து பார்த்ததே இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு மேலே, சொல்லத் தெரியாத ஒரு துக்கமும் இருந்தது. மைக் இல்லாததால் சொல்லாமல் விட்டார்.

"படி எண்ணினீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"நூத்தி எண்பத்திநாலு."

"எனக்கும் அதேதான் வந்துச்சு. இன்னும் இருக்கு, இன்னும் இருக்குன்னு பயந்துட்டே ஏறினேன். திடீர்னு முடிஞ்சு போச்சு. நீங்க சொன்னதுல நல்லதா முடிஞ்சது அது ஒண்ணுதான்."

 கீழே சீட்டுக் கிழிக்கிறவர் இருமுவது கேட்டது. கேட்டே ஆகவேண்டியதை அவர் கடைசியில் கேட்டார். "அப்போ... சாமானக் கட்டணுமா?"

"எதுக்கு?" என்றாள் அவள். "ஊரு நல்லாத்தான் இருக்கு. கைடுதான் சரியில்ல."

அவர் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"நான் எங்கயும் போகல. இப்பத்தான் பார்க்கவே ஆரம்பிச்சிருக்கேன். வாரத்துல ஒரு நாள் மெஷின மூடி வெச்சுட்டுக் கிளம்பிடுவேன். பேரனப் பார்க்கணும்னா ரயில் இருக்கு, போயிட்டு வந்துக்கறேன். நீங்க வேணும்னா பொண்ணு வீட்டுக்குப் போயி இருங்க. ரூம் தயாரா இருக்கு."

ஆக, கேட்டது கிடைத்துவிட்டது. ஊரை விட்டுப் போகவேண்டாம். அதற்காகத்தான் மாலுமியை அத்தனை நேரம் சாகடித்தார், காதலியை மயக்கம் போட வைத்தார். அதில் எதுவும் பலிக்கவில்லை. அவர் விட்டுவிட்டுப் போன நாற்பது நிமிடம்தான் பலித்திருக்கிறது. கன்னத்தில் அறைந்துவிட்டுக் கேட்டதைக் கையில் வைத்த மாதிரி இருந்தது. இருந்தாலும் வாங்கிக்கொண்டார்.

அவள் கைப்பையை அவரிடமிருந்து வாங்கித் தோளில் மாட்டினாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து முதலில் தான் குடித்துவிட்டு அவரிடம் நீட்டினாள். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் இறங்கத் தொடங்கினாள். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்துத்தான் அவளால் இறங்க முடிந்தது. அவர் பின்னால் வந்தார். உள்ளே இருட்டாக இருந்தது. அவர் வாய் தானாக முணுமுணுக்க ஆரம்பித்தது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

"எண்ணாதீங்க," என்றாள் அவள், திரும்பாமலே. "பார்த்து இறங்குங்க."